சொல்லாமல் வைத்திருந்த சாட்சி

மருதமுனை
14.09.2025

அன்பு மகள் நிஹ்லாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் அல்லாஹ் தந்த அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் ஹாதிக் மருமகனும் என் பேத்தி ஸம்றாவும் அதைவிடக் கூடின சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் ஐந்து நேரமும் என் முதல் துஆ. உம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, கிளினிக்கில் குளிசையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், சோற்றைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாள் இல்லை. மாவடிப்பள்ளி வயலில் சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்தது, வெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் யானை இறங்கி ஒரு மூலையை மிதித்துவிட்டுப் போனது, மிச்சம் பரவாயில்லை. கடல் இந்த வருடம் இன்னும் உள்ளே வந்துவிட்டது, தோணி இழுத்து வைக்க இடமில்லாமல் மீன்காரர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் வாப்பா ஏன் கொப்பித் தாளில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். முகத்தைப் பார்த்தால் என்னால் இதைச் சொல்லி முடிக்க ஏலாது மகள், அதுதான் காரணம். பக்கத்து வீட்டு அஸ்கி வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போது வாசி. வாசித்த பிறகு மருமகனிடமும் கொடு, மறைக்க வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை நீ எடுத்த போன் கோலை நான்தான் துண்டித்தேன். சிக்னல் இல்லை என்று பிறகு சொன்னது பொய். "வாப்பா, மாமி கேக்குறா, நீங்க வேதக்காரர்ட கோயில்ல போய் நின்டு, நான் முஸ்லிம் இல்ல எண்டு சொன்ன கதையச் சொன்னீங்களாம், பேஸ்புக்குல ஓடுதாம், உண்மையா" என்று நீ கேட்டாய். உண்மைதான் மகள். ஆனால் அந்தத் துண்டு வீடியோவில் இருப்பது ஒன்றரை நிமிடம், நடந்தது முப்பத்தைந்து வருடம், அதனால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நான் கடை போடுவதற்கு முன்னால் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடிய ஒரு முதலாளியின் பஸ். அதன் சாரதி கல்லாற்றைச் சேர்ந்த குணம் அண்ணன். அவரைப் பற்றி இந்த வீட்டில் நான் ஒருநாளும் பேசியதில்லை. மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர், வேதக்காரர், ஆனால் பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைவிட பஸ்ஸைக் கழுவுவதுதான் கூட. சம்பளம் எடுத்த அன்று கொஞ்சம் குடிப்பார். ஆட்களை ஏசுவார், பிறகு அவர்களுக்காகவே பஸ்ஸை நிறுத்திக் காத்துக்கொண்டிருப்பார். நோன்பு காலத்தில் எனக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், நான் கேட்டால் "தாகம் இல்லடா" என்பார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு முப்பத்துநான்கு. கல்யாணம் முடித்துப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து அந்த வருடம்தான் ஒரு பெண் பிள்ளை கிடைத்திருந்தது.

1990ஆம் ஆண்டு எப்படிப்பட்டது என்று உங்கள் வயதுக்காரருக்கு எழுத்தில் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. எல்லாப் பக்கத்திலும் சுடுகிற துவக்கு இருந்தது, எல்லாப் பக்கத்திலும் மையித்து விழுந்தது, நம்மட ஆட்கள் செத்தார்கள், நம்மட ஆட்களும் கொலை செய்தார்கள். ஆடி மாதம் ஒருநாள் பாதை திறந்துவிட்டது என்று சொல்லி முதலாளி பஸ்ஸை எடுக்கச் சொன்னார். நீ வராதே என்று குணம் அண்ணன் எனக்குச் சொன்னார், நான்தான் இரண்டு கிழமைச் சம்பளம் இல்லாமல் இருந்ததால் ஏறினேன். கல்லாறு தாண்டி, ஒரு பாலத்துக்கு முன்னால் துவக்குக்காரர்கள் ஆறேழு பேர் மறித்தார்கள். ஆண்கள் எல்லாரிடமும் அடையாள அட்டை கேட்டார்கள். என் அட்டை டிக்கட் பைக்குள் சில்லறைக்கு அடியில் கிடந்தது, தொப்பி பொக்கெட்டில் இருந்தது. முஸ்லிம் பெயரைக் கண்டால் விடமாட்டார்கள் என்று பயந்து, அட்டை இல்லை என்றேன். இறங்கு என்று பற்றைக்குப் பின்னாலிருந்த ஒரு கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். குணம் அண்ணனை யாரும் இறங்கச் சொல்லவில்லை மகள், இதைக் கவனமாக வாசி. அவருடைய அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் சீட்டிலேயே இருந்திருக்கலாம். கதவைத் திறந்து இறங்கி என் பின்னால் நடந்து வந்தார். கொட்டிலில் அவர்களின் பொறுப்பாளன், என் வயதுகூட இருக்காது, ஆர் நீ என்று என்னைக் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இவன் என்ட தம்பி. ஜெபராஜ். அட்டை எடுக்கக் குடுத்திருக்கு, இன்னும் வரல்ல" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். "ஓம், நான் அவர்ட தம்பி" என்றேன். வேதக்காரன் என்றால் செபம் சொல்லு பார்ப்போம் என்றான். நான் படித்தது கல்முனையில் பாதிரிமார் தொடங்கின பள்ளிக்கூடம், ஒவ்வொரு காலையும் கேட்டுக் கேட்டு அவர்களுடைய அந்தச் செபம் எனக்கு மனப்பாடம். முழங்காலில் நின்று, கையைக் கூப்பி, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அவன் நம்பிவிட்டான். போங்கள் என்று சொல்லப்போகிற நேரத்தில் இன்னொருவன் உள்ளே வந்தான், கல்முனைச் சந்தையில் பழகினவனாக இருக்க வேண்டும். இவன் மருதமுனைச் சோனகப் பொடியன் மாதிரி இருக்கே என்றான். மாதிரியா, அவன்தானா என்று பொறுப்பாளன் கேட்டான், சரியாகச் சொல்ல ஏலாது என்றான் மற்றவன். மறுபடி என்னைக் கேட்டார்கள், மறுபடி நான் முஸ்லிம் இல்லை என்றேன். துவக்கின் அடிக்கட்டையால் தோளில் ஒன்று விழுந்தது. மூன்றாந்தரம் கேட்டார்கள், மூன்றாந்தரமும் சொன்னேன். குணம் அண்ணனைக் கேட்டார்கள். "நூறு தரம் கேட்டாலும் என்ட தம்பிதான்" என்றார். அப்போது பொறுப்பாளன் சொன்னான், பொடியன் போகட்டும், டிரைவர் எங்களோடு வரட்டும், கல்லாற்றில் விசாரித்து இப்படி ஒரு தம்பி இருப்பது உண்மை என்றால் விட்டுவிடுவோம் என்று. குணம் அண்ணனுக்குத் தம்பியே கிடையாது, ஒரு அக்கா மட்டும்தான். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா. நான் அப்துல் கபூரின் மகன் முனாப், இந்த மனிதர் எனக்காகப் பொய் சொன்னார் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவரை அடித்துவிட்டாவது அனுப்பியிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. எழும்பி பஸ்ஸுக்கு நடந்தேன். அண்ணனை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் சனத்துக்குச் சொன்னேன். டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஒருவர் பஸ்ஸைத் திருப்பி எடுத்தார்.

மூன்றாம் நாள் அவரை லைட் போஸ்ட்டில் கட்டிக் கொன்றிருந்தார்கள். கழுத்தில் ஒரு அட்டை, காட்டிக்கொடுத்தவன் என்று எழுதி. ஊரில் வந்து விசாரித்ததே அவருக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது, விசாரிக்கிறார்கள் என்றால் ஏதோ இருந்திருக்கும் என்று சனம் நினைத்தது. நான் அப்போது மருதமுனையில் வீட்டுக்குள் இருந்தேன். அந்த மூன்று நாளும் அவரிடம் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி இல்லை.

முதல் சில வருடம் பயத்தில் பேசாமல் இருந்தேன், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பிறகு உன் உம்மாவைக் கலியாணம் முடித்தேன், கடை வந்தது, நீ பிறந்தாய், பேசினால் நான் கலிமாவை மறைத்து முஸ்லிம் இல்லை என்றதையும் பேச வேண்டுமே என்று பேசாமல் இருந்தேன். பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர் சபைக்கு எடுத்தார்கள், அதன் பிறகு பேசுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. சண்டை முடிந்தபோது போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. 2019இல் அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது, வேதக்கோயில்களில் குண்டு வெடித்தது, வைத்தவர்களின் ஆட்கள் தங்களை ஷஹீத் என்று சொல்லிக்கொண்டு சாய்ந்தமருதில் சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு ஒரு முஸ்லிம் எந்த முகத்தோடு கோயில் வாசலில் போய் நிற்பது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது மகள்.

இந்த வருடம் ஆனி மாதம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். வாளி வாங்க வந்தவள் என்று நினைத்தேன். "நான் சுஜித்தா, கல்லாறு. டிரைவர் குணத்துட மகள். நீங்கதான் அப்பாட பஸ்ஸுல இருந்த முனாப் காக்காவா" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். அவர் போனபோது அவளுக்கு நாலு மாதம். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவர்களுடைய கோயிலில் விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின் பெயரைச் சுவரில் கல்லாகப் பதிக்கப் போகிறார்களாம். அப்படிச் செத்தவரை அவர்கள் இரத்தசாட்சி என்பார்கள், நாம் ஷஹீத் என்கிறோமே அதைப்போல. குணத்தின் பெயரையும் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, காட்டிக்கொடுத்தவனுக்குக் கோயிலில் கல்லா என்று வேறு யாரோ எழும்பிக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "எனக்குக் கல்லு தேவல்ல. அப்பா ஆரையும் காட்டிக் குடுத்தாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள். கடையில் இரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் பள்ளிவாசல் ஆள். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "எனக்கு ஒண்டும் தெரியா புள்ள, கூட்டிட்டுப் போனதத்தான் கண்டன்" என்றேன். துவக்கு இல்லை, கொட்டில் இல்லை, தோளில் அடியும் இல்லை, ஆனாலும் நாலாந்தரம் சொன்னேன். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வந்ததற்காக ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு என்னால் சோறு தின்ன முடியவில்லை. நம்மட மௌலவியிடம் போய் முழுவதையும் சொன்னேன். நபிகளாரின் தோழர் அம்மார் அவர்களை நினைத்துப் பாருங்கள் என்றார், அவருடைய தாய் சுமையா மார்க்கத்துக்காக ஷஹீதானார், மகன் வேதனை தாங்காமல் வாயால் மறுத்தார், உள்ளம் உறுதியாக இருந்ததால் அது மன்னிக்கப்பட்டது என்றார். என் உள்ளம் அப்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது மௌலவி, என் உயிர் முழுவதும் முழங்காலில்தான் இருந்தது என்றேன். அதையும் அல்லாஹ் அறிவான் என்று ஆறுதல் சொன்னார். சரி, தெரிந்த சாட்சியத்தை முப்பத்தைந்து வருடம் மறைத்தது? என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு என்னட்ட ஆறுதல் இல்ல காக்கா, அது அந்தப் புள்ளைட ஹக்கு, அவவுக்குச் சேர வேண்டியது" என்றார்.

அதன் பிறகுதான் கல்லாற்றுக்குப் போய் அவர்களுடைய போதகரைச் சந்தித்தேன். இளம் பெண், உன் வயது இருக்கும். தேத்தண்ணீர் தந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு அவர்களுடைய பழைய சரித்திரத்தைச் சொன்னார். இரத்தசாட்சி என்ற சொல்லுக்கு ஆதியில் இரத்தமே இல்லையாம், கிரேக்க மொழியில் கோர்ட்டில் ஏறிக் கண்டதைச் சொல்கிற சாட்சிக்காரனுக்குத்தான் அந்தப் பெயர். கண்டதைச் சொன்னதற்காகக் கொல்லத் தொடங்கிய பிறகுதான் சாவும் அதோடு ஒட்டிக்கொண்டது. நம்மட ஷஹீத் என்ற சொல்லும் சாட்சி என்ற சொல்லிலிருந்து வந்ததுதானே மகள். உரோம ராசாக்களின் காலத்தில் ஆட்களைப் பிடித்து, எங்கள் தெய்வங்களுக்குச் சாம்பிராணி போடு, போட்டால் ஒரு அத்தாட்சித் துண்டு தருகிறோம், வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். போடாதவர்கள் செத்தார்கள். போட்டவர்கள்தான் அதிகம் என்றார். ஆபத்து விலகினதும் அந்தப் போட்டவர்கள் எல்லாரும் கோயில் வாசலுக்குத் திரும்பி வந்து அழுதார்களாம், சேர்ப்பதா விடுவதா என்று சபையே பிளந்ததாம். அப்போது சிறையில் கிடந்து கையும் காலும் முறிந்து உயிரோடு தப்பினவர்கள், இவர்களை மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சாம்பிராணி போட்டவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்களாம். சில ஆயர்கள் அந்தக் கடிதத்தை ஏற்கவே இல்லையாம். நான் அவரிடம் கேட்டேன், எனக்குக் கடிதம் எழுதக்கூடியவர் லைட் போஸ்ட்டில் செத்துப் போனார், நான் யாரிடம் வாங்குவது என்று. "அது எனக்கும் தெரியாது ஐயா, ஆனா சபையில வந்து சொல்ல விருப்பம் எண்டா நாள் வெச்சுத் தாறன்" என்றார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆராதனை முடிந்து மண்டபத்தில் கூடினார்கள், ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். சுஜித்தா முன் வரிசையில் இருந்தாள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டே நின்று, உனக்கு இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன், மூன்று தரம் மறுத்ததையும் சொன்னேன், கடையில் வைத்து நாலாந்தரம் சொன்னதையும் சொன்னேன். யாரோ போனைத் தூக்கிப் பிடித்ததை நான் கவனிக்கவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு முதியவர் எழும்பினார், கோபமாக இல்லை, நியாயமாகத்தான் கேட்டார். "குணம் காட்டிக் குடுக்கல்ல எண்டது சந்தோசம். ஆனா அவனிட்ட ஆண்டவரை மறுதலி எண்டு ஒருத்தரும் கேக்கல்லையே. அவன் செத்தது ஒரு பொய்யைச் சொல்லி. வாயில பொய்யோட போனவன எப்பிடி இரத்தசாட்சி எண்டு எழுதுற" என்றார். மண்டபத்தில் சலசலப்பு. போதகர் எழும்பி, சாவு ஒருவரை இரத்தசாட்சி ஆக்காது, எதற்காகச் செத்தார் என்பதுதான் ஆக்கும் என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்லியிருப்பதைச் சொன்னார். சாவைத் தேடிப் போவதைச் சபை எப்போதும் கண்டித்திருக்கிறது, குணம் சாவைத் தேடி இறங்கவில்லை, ஒரு ஆளைத் தேடி இறங்கினார் என்றார். அந்த முதியவர் அப்போதும் தலையை ஆட்டவில்லை. சபை பிரிந்துதான் நின்றது, மறைத்து எழுத விருப்பமில்லை.

அப்போது சுஜித்தா எழும்பினாள். போதகரையும் பார்க்கவில்லை, முதியவரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, "அப்பா கடைசியா என்ன சொன்னார்" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது பெரிய வார்த்தையை எதிர்பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கியது. ஒரு நல்ல வார்த்தையை உண்டாக்கிச் சொல்லவும் அந்த நேரத்தில் மனம் வந்தது, அதையும் உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் அல்லாஹ் காப்பாற்றினான், நடந்ததையே சொன்னேன். என்னைப் போகச் சொன்னதும் நான் திரும்பி நடந்தேன், பின்னாலிருந்து கூப்பிட்டார், "டேய் தம்பி, பஸ் சரிவுல நிக்கிது, ஹேண்ட்பிரேக் பிடிக்காது, முதல்ல சில்லுக்குக் கல்லு வை" என்றார். அவ்வளவுதான். சுஜித்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, பக்கத்திலிருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கையை விலக்கிவிட்டு, "கல்லுல அந்தப் பெரிய சொல் வேணாம் போதகர். ஒருத்தன் அட்டையில எழுதினத நம்பினீங்க, இப்ப இன்னொண்டு எழுதி நம்ப வேணாம். பெயரைப் போடுங்க, கீழ சாரதி எண்டு போடுங்க. அது காணும்" என்றாள்.

நான் வெளியே வந்து மரத்தடியில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், கையை உயர்த்தி நிறுத்தினாள். "நீங்க வந்ததுக்கு நன்றி சொல்ல எனக்கு ஏலாது. ரெண்டு வருஷத்துக்கு முன்ன வந்திருந்தா அம்மா உயிரோட இருந்தா. சாகிறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி அம்மா என்னட்டக் கேட்டா, புள்ள, அவர் உண்மையாவே ஆரையும் சொல்லிக் குடுத்திருப்பாரோ எண்டு. அவரோட ஒம்பது வருஷம் வாழ்ந்தவ. அவவுக்கே சந்தேகம் வந்திட்டு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல, நான் சும்மா இருந்தன்" என்றாள். பிறகு, "அம்மாட கல்லறை அந்தா இரிக்கி, வேணுமெண்டா அங்க போய்ச் சொல்லுங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் போனேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அன்றைக்குத்தான் கல்லறையில் வாசித்து அறிந்தேன். சொன்னேன்.

கல்லுப் பதித்த அன்று எனக்கு அழைப்பு வரவில்லை, வர வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பதித்துவிட்டார்களாம், பெயரும் சாரதி என்ற சொல்லும் மட்டுமாம், மற்றக் கற்களில் இருக்கிற அந்தச் சொல் இதில் இல்லையாம். இந்தப் பக்கம் வீடியோ ஓடத் தொடங்கியதும் நம்பிக்கையாளர் சபையிலிருந்து நானே கடிதம் கொடுத்து விலகிவிட்டேன், இரண்டு பேர் விலக வேண்டாம் என்றார்கள், மற்றவர்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். கடைக்கு வரும் சனம் குறைந்திருக்கிறது, தொழுகைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர் சலாத்துக்குப் பதில் சொல்கிறார், முகம் பார்க்கிறார் இல்லை. அதெல்லாம் எனக்குத் தாங்கும். உம்மாவின் கோபம்தான் தாங்க முடியவில்லை. "முப்பத்திரண்டு வருசம் பக்கத்துல படுத்தெழும்பின மனுசன் ஆரு எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று ஒருநாள் சொன்னாள், அதன் பிறகு சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். நான் மறுத்ததற்காகக் கோபமில்லையாம், அவளுக்குச் சொல்லாததற்காம். நேற்றுப் பகல் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போய்ப் பின்னேரம்தான் திரும்பினாள். எங்கே போனாய் என்றதற்கு, கல்லாற்றுக்கு, குணத்தின் மகளிடம் என்றாள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். அடுப்படிக்குள் போய்விட்டாள். நீ கேட்டால் ஒருவேளை உனக்குச் சொல்லுவாள்.

இனி உன் விஷயம். உன் மாமியாருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இது வெட்கம் என்று எனக்குத் தெரியும், மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் அவருக்கும் பதில் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். நீ என் மகள் என்பதால் எனக்காகக் கதைக்க வருவாய், துவக்கு முனையில் சொன்னதுதானே, மார்க்கமே மன்னித்ததுதானே என்பாய். வேண்டாம். அந்த மன்னிப்பு கொட்டிலில் நின்ற இருபத்தாறு வயதுப் பொடியனுக்கு உரியது, பிறகு வாய் மூடியிருந்த மனிதனை அதற்குள் ஒளிக்க வேண்டாம். மாமி கேட்டால், "ஓம் மாமி, வாப்பா அப்பிடித்தான் சொன்னார்" என்று சொல். அதோடு நிறுத்தாமல், அவர் உயிரோடு இருப்பது குணம் என்ற ஒரு வேதக்காரர் அவரைத் தம்பி என்று சொன்னதால் என்றும் சொல். ஸம்றாவுக்கு விளங்குகிற வயது வரும்போது அவளுக்கும் இந்தப் பெயரைச் சொல்லு. அந்தப் பஸ் திரும்பி வந்ததால்தான் நீயும் அவளும் இருக்கிறீர்கள், அதை நினைக்கும்போதெல்லாம் உன்னைப் பார்க்க எனக்குச் சந்தோசமும் பயமும் சேர்ந்து வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், உனக்குக் காரணம் தெரியாது.

வெயிலில் பிள்ளையை வெளியே கொண்டு திரியாதே, தண்ணீர் நிறையக் குடி, சுபஹ் தொழுகையை விடாதே. உம்மாவுக்குத் தனியாகக் கோல் எடு, நான் இல்லாத நேரம் பார்த்து எடு. எனக்கு எடுப்பதும் எடுக்காததும் உன் விருப்பம், எடுத்தால் இந்தமுறை துண்டிக்க மாட்டேன். உன்னையும் உன் கணவரையும் பிள்ளையையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்துக்கொள்ளட்டும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லும் நாவை உங்களுக்குத் தரட்டும், ஆமீன்.

உன் வாப்பா
மருதமுனை அப்துல் கபூர் மகன் முனாப்